ஒத்திகை என்று சொல்லப்பட்டது

1

ஒத்திகை என்ற சொல்லில் ஒரு வசதி இருக்கிறது. ஒத்திகையில் சொன்ன வார்த்தை கணக்கில் சேராது. தப்பாகச் சொல்லலாம், திருப்பிச் சொல்லலாம், மறுநாள் மறந்தும் போகலாம். ஜப்பானில் பள்ளிக்கூடத்துப் பெண்கள் ஒருவரையொருவர் காதலித்ததைப் பற்றி, இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதி முழுவதும், ஏறக்குறைய இந்த அர்த்தத்திலேயே பேசி வந்திருக்கிறார்கள். பின்னால் வரப்போகிற கல்யாணத்துக்கு இது ஒத்திகை, பருவத்தின் மயக்கம், பள்ளிப் படிப்பு முடிகிற நாளோடு இதுவும் முடியும். அப்படி முடிகிறவரை அதை அழகு என்று ரசிக்கலாம். முடியாவிட்டால்தான் அது வியாதி.

இந்தக் காதலைச் சொல்லும் ஜப்பானியக் கதைகளில் ஒரு பள்ளி நாடகம் திரும்பத் திரும்ப வந்து நிற்பது தற்செயல் அல்ல என்று நினைக்கிறேன். ஒத்திகை என்று தம்மைப் பற்றிச் சொல்லப்பட்ட சொல்லை அந்தக் கதைகள் எடுத்துக்கொண்டு, உண்மையிலேயே ஒரு மேடையைக் கட்டி, அதன்மேல் வைத்துப் பரிசோதித்திருக்கின்றன. அந்தப் பரிசோதனையின் சரித்திரத்தைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன். இதற்கு என்னைத் தூண்டியது 2009இல் ஜப்பானியத் தொலைக்காட்சியில் பதினொரு பகுதிகளாக வந்த 'அவோய் ஹனா' (நீல மலர்) என்ற அனிமே. ஷிமுரா தகாகோ 2004 முதல் 2013 வரை எழுதி வரைந்து எட்டுத் தொகுதிகளாக வந்த படக்கதையின் முற்பகுதியை வைத்து கஸாய் கெனிச்சி இயக்கியது. நோவாலிஸின் முற்றுப்பெறாத நாவல் ஜப்பானியத்தில் அறியப்படுவதும் இதே தலைப்பில்தான்.

படம் மெதுவாகப் போகிறது. அவ்வளவு மெதுவாகப் போவதை ரசிக்க ஒரு கூட்டம் எப்போதும் தயாராக இருக்கிறது. மௌனமும் நிதானமும் தென்பட்டால் உடனே கலை என்று கைதட்டுகிற பழக்கம் நம் சினிமா ரசனையில் ஊறிப்போயிருக்கிறது. நிதானம் தன்னளவில் ஒரு மதிப்பே அல்ல. யாருடைய காலம் நீட்டப்படுகிறது, எதற்காக என்பதுதான் கேள்வி.

2

அந்தக் காலத்தை முதலில் அளந்து கொடுத்தது அரசாங்கம். 1898இல் வந்த மெய்ஜி சிவில் சட்டம் குடும்பத் தலைவனின் அதிகாரத்தை எழுத்தில் நிலைநாட்டியது. இருபத்தைந்து வயது நிரம்பாத பெண் பெற்றோர் சம்மதமின்றித் திருமணம் செய்துகொள்ள முடியாது. அடுத்த வருஷம், 1899இல், பெண்கள் உயர்நிலைப் பள்ளி ஆணை வந்தது. ஒவ்வொரு மாகாணத்திலும் இப்படிப்பட்ட பள்ளி ஒன்றாவது இருக்க வேண்டும் என்றது. நோக்கத்தை ஒளிக்கவும் இல்லை: நல்ல மனைவி, அறிவுள்ள தாய். பன்னிரண்டு வயதில் உள்ளே போகிற பெண் பதினாறு, பதினேழில் வெளியே வருவாள். வெளியே மாப்பிள்ளை காத்திருப்பான்.

குழந்தைப் பருவத்துக்கும் கல்யாணத்துக்கும் இடையில் அதுவரை இல்லாத ஒரு இடைவெளி இப்படி உண்டாயிற்று. அந்த இடைவெளியில் வாழ்ந்தவளுக்கு 'ஷோஜோ' என்ற பெயர் நிலைத்தது. இந்தப் பருவம் இயற்கையில் முளைத்ததல்ல, ஆணையில் முளைத்தது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆண்களோடு பழகக் கூடாது என்று தடுத்து, நாலைந்து வருஷம் நூற்றுக்கணக்கான பெண்களை ஒரே கூரையின் கீழ் வைத்தார்கள். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கடிதம் எழுதினார்கள். மேல் வகுப்புப் பெண்ணை 'அக்கா' என்றார்கள். இந்த உறவுக்கு 'எஸ்' என்று ஒற்றை எழுத்தில் ஒரு ரகசியப் பெயர் இருந்தது. சகோதரி என்பதற்கான ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து அது.

1911ஐ நான் ஒரு முக்கியமான வருஷமாகக் கருதுகிறேன். அந்த ஜூலையில் தோக்கியோவில் உயர்நிலைப் பள்ளி முடித்த இரண்டு பெண்கள் நீகாட்டா மாகாணத்துக் கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்து உயிரை விட்டார்கள். பத்திரிகைகள் அதிர்ந்தன. பெண்ணுக்கும் பெண்ணுக்கும் இடையிலான காதலுக்கு ஒரு மருத்துவச் சொல் பொது வழக்கில் புழங்கத் தொடங்கியது அப்போதுதான். அதே வருஷம் செப்டம்பரில் பெண்களே நடத்திய 'செய்தோ' பத்திரிகை வெளிவந்தது. அதே வருஷம் மாட்சுயி சுமாகோ இப்ஸனின் நோராவாக மேடையேறினாள். ஒரு நாட்டில் ஒரே வருஷத்தில் மூன்று கதவுகள்: ஒன்று கடலுக்கு, ஒன்று அச்சுக்கு, ஒன்று மேடைக்கு.

கடலுக்குப் போனவர்களைப் பார்த்துப் பயந்த சமூகம் ஒரு சமரசத்துக்கு வந்தது. 'எஸ்' இருக்கலாம், அது தாற்காலிகமாக இருக்கும்வரை. இந்தச் சமரசத்தைத்தான் பிறகு எல்லோரும் மென்மை என்றும் தூய்மை என்றும் அழைத்தார்கள்.

3

மேடைக் கதவுக்கு வருவோம். 1629இல் தோகுகாவா ஆட்சி பெண்கள் மேடையேறுவதைத் தடை செய்த பிறகு கபுகியில் ஸ்திரீபார்ட் ஆண்கள் வசமே இருந்தது. கிட்டத்தட்ட மூன்று நூற்றாண்டுகள் கழித்து இதைத் தலைகீழாக்கிக் காட்டியவர் ஒரு ரயில்வே முதலாளி. கோபயாஷி இச்சிஸோ தம் ரயில் பாதையின் கடைசி நிலையமான தகராஸுகாவுக்குக் கூட்டம் சேர்க்க 1913இல் பெண்கள் பாட்டுக் குழு ஒன்றைத் தொடங்கினார். 1914இல் முதல் நிகழ்ச்சி. ராஜபார்ட் உட்பட எல்லாமே பெண்கள். கலைக்காகச் செய்ததல்ல, டிக்கெட் விற்பதற்காகச் செய்தது. ஆனால் ஆண் வேஷம் கட்டிய பெண்ணைப் பார்த்து உருகியவர்கள் பெரும்பாலும் பள்ளிப் பெண்களே என்பது சீக்கிரமே தெரிந்துவிட்டது. 1919இல் குழு ஒரு பள்ளிக்கூடமாகவே அமைந்தது. நடிகைகள் 'மாணவிகள்'; கல்யாணமானால் விலக வேண்டும். உயர்நிலைப் பள்ளியின் அதே விதி, மேடை விளக்கின் கீழே.

பள்ளிகளுக்குள்ளும் நாடகம் புகுந்தது. ஒபாரா குனியோஷி போன்ற கல்வியாளர்கள் பள்ளி நாடகத்தை ஒரு இயக்கமாகவே வளர்த்தார்கள். 1924இல் கல்வி மந்திரி ஒகாடா ரியோஹேய் இதற்கு எதிராகப் பேசினார். மாணவர்கள் முகப்பூச்சு பூசி, வேஷம் தரித்து, பொதுஜனத்தின் முன் நடிப்பது எளிமையும் உறுதியும் கொண்ட குணத்தை வளர்க்காது என்பது அவர் வாதம். இது 'பள்ளி நாடகத் தடை' என்றே சரித்திரத்தில் பெயர் வாங்கியது. மந்திரியின் பயம் அர்த்தமற்றது என்று நான் சொல்ல மாட்டேன். வேஷம் கட்டிக்கொண்டவன் தன் முகமே ஒரு வேஷமோ என்று யோசிக்க ஆரம்பித்துவிடுவான் என்பதை அதிகாரிகள் நம் அழகியலாளர்களைவிட நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறார்கள்.

4

அச்சுக் கதவு வழியாக வந்தவர் யோஷியா நோபுகோ (1896 - 1973). 1916 முதல் 'ஷோஜோ கஹோ' பத்திரிகையில் 'ஹனா மொனொகதாரி' என்ற தலைப்பில் ஒவ்வொரு கதைக்கும் ஒரு பூவின் பெயர் கொடுத்து எழுதினார். கதைகளில் பெண்கள் சந்திக்கிறார்கள், பிரிகிறார்கள், ஒருத்தி செத்துப்போகிறாள் அல்லது கல்யாணமாகிப் போகிறாள். நடை அலங்காரமானது, இன்று படிக்கும்போது திகட்டும். வாக்கியங்கள் முடியாமல் புள்ளி புள்ளியாகத் தேய்ந்து போகும். அந்தப் புள்ளிகளை அசட்டு உணர்ச்சி என்று ஆண் விமர்சகர்கள் தள்ளினார்கள். சொல்ல அனுமதியில்லாத இடத்தில் வாக்கியம் வேறு எப்படி முடியும்?

எழுத்தில் பிரிவையே எழுதியவர் வாழ்க்கையில் பிரியவில்லை என்பது கவனிக்க வேண்டியது. 1923இல் சந்தித்த மொன்மா சியோவோடு சாகிறவரை சேர்ந்து வாழ்ந்தார். இருவரையும் ஒரு குடும்பம் என்று சட்டம் ஏற்க வழியில்லை. 1957இல் யோஷியா அவரைத் தம் மகளாகச் சுவீகாரம் எடுத்துக்கொண்டார். பத்திரத்தில் மகள் என்று எழுதினால்தான் துணைவிக்கு வீட்டில் உரிமை கிடைக்கும். இதுவும் ஒரு வேஷம்தான், சட்டத்தின் மேடையில். கதைகளில் தாம் எழுதிய முடிவுகளை யோஷியா தம் வாழ்க்கைக்கு ஒப்புக்கொள்ளவில்லை. அந்த மறுப்பை அவர் கதையாக எழுதியிருந்தால் அந்தப் பத்திரிகை போட்டிருக்குமா என்பது வேறு விஷயம்.

1937இல் 'ஷோஜோ நோ தோமோ' பத்திரிகையில் கவாபாட்டா யசுனாரியின் பெயரில் 'ஒதோமே நோ மினாதோ' தொடராக வந்தது. யோகொஹாமாவில் ஒரு மிஷன் பள்ளி, இரண்டு மேல் வகுப்புப் பெண்கள், நடுவில் ஒரு சின்னப் பெண். நகஹாரா ஜுனிச்சி படம் போட்டார். கையெழுத்துப் பிரதியின் அடிப்படை நகஸாதோ த்ஸுனேகோ எழுதியது என்பது பின்னால் தெரிய வந்தது. 1938ஆம் ஆண்டுக்கான அகுதகாவா பரிசின் மூலம் அதைப் பெற்ற முதல் பெண் ஆனவர் அவர். பெண்களின் அந்தரங்கத்தை ஒரு பெண் எழுதி, அது ஒரு ஆணின் பெயரைப் பூண்டு அச்சேறியது. கபுகியின் கணக்கு இங்கே இன்னொரு தடவை திரும்பிப் போட்டிருக்கிறது.

யுத்தத்துக்குப் பிறகு, 1947இன் கல்விச் சட்டம் ஆணும் பெண்ணும் சேர்ந்து படிப்பதை ஏற்றது. 'எஸ்' பழங்கதையாயிற்று. 'ஷோஜோ நோ தோமோ' 1955இல் நின்றது. ஆனால் தனியார் பெண்கள் பள்ளிகள் நிற்கவில்லை. பழைய கதை அவற்றின் சுவர்களுக்குள் காத்திருந்தது.

5

1971இல் யமாகிஷி ரியோகோ 'ஷிரோய் ஹெயா நோ ஃபுதாரி' என்ற படக்கதையை வரைந்தார். பெண்களின் காதலைச் சொல்லும் படக்கதைகளுக்கு இதையே தொடக்கமாக வைக்கிறார்கள். பிரான்சில் ஒரு விடுதிப் பள்ளி. ரெஸீன், ஸிமோன் என்று இரண்டு பெண்கள். பள்ளி நாடகத்தில் ரோமியோவும் ஜூலியட்டும் அவர்களே. மேடையில் நடித்த முத்தத்தில்தான் நடிப்பில்லாத ஒன்று வெளிப்பட்டுவிடுகிறது. பிறகு ரெஸீன் பயந்து விலகுகிறாள், ஸிமோன் சாகிறாள். மேடை உண்மையைச் சொல்லிவிட்டது, கதை அதற்குத் தண்டனை கொடுத்துவிட்டது. 1911இன் கடல் அறுபது வருஷம் கழித்தும் வற்றவில்லை.

யோஷிதா அகிமி 1985 - 86இல் எழுதிய 'சகுரா நோ ஸோனோ'வையும், அதை வைத்து நகஹாரா ஷுன் 1990இல் எடுத்த படத்தையும் நான் இந்த வரிசையின் மையமாக வைப்பேன். ஒரு பெண்கள் பள்ளி. ஒவ்வொரு வருஷமும் ஸ்தாபன தினத்தன்று செகாவின் 'செர்ரித் தோட்டம்' போடுவது சம்பிரதாயம். படம் நடப்பது திரை தூக்குவதற்கு முன்னால் சுமார் இரண்டு மணி நேரத்தில். நாடகத்தை நாம் பார்ப்பதேயில்லை. நாடக மன்றத் தலைவி ஷிமிஸு அன்று தலைமுடியைச் சுருட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். எப்போதும் ஆண் வேஷம் போடும் உயரமான குராதாவுக்கு இந்தத் தடவை ரானெவ்ஸ்கயா வேஷம். பெண்ணாக மேடையேறத்தான் அவளுக்கு நடுக்கம். இருவரும் சேர்ந்து நின்று ஒரு காமிராவுக்குத் திரும்பத் திரும்பப் படம் எடுத்துக்கொள்கிறார்கள், ஒவ்வொரு படத்துக்கும் கொஞ்சம் நெருங்கி. ஷிமிஸுவின் மேல் ஆசை வைத்திருக்கும் மூன்றாவது பெண் மறைவில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவ்வளவுதான். ஒருவரும் சாகவில்லை.

செகாவைத் தேர்ந்தது சரியான தேர்வு. தோட்டம் கையைவிட்டுப் போகப்போகிறது என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் எதுவும் செய்வதில்லை. பள்ளி வாழ்வும் அப்படி. ஆனால் இந்தப் படத்தின் துணிவுக்கும் ஒரு எல்லை உண்டு. திரை தூக்கும் கணத்தில் படம் முடிந்துவிடுவதால் காதல் மீண்டும் திரைக்குப் பின்னாலேயே தங்கிவிடுகிறது. அது ஒத்திகையின் மிக அழகான படம். ஒத்திகையைத் தாண்டிய படம் அல்ல.

6

'அவோய் ஹனா' நடப்பது கமகுராவில். கதையில் வரும் ஃபுஜிகயா பள்ளிக் கட்டடத்துக்கு மாதிரி, ஹாஸே பகுதியில் மயேதா குடும்பத்தார் 1936இல் கட்டி, 1985இல் கமகுரா இலக்கிய அருங்காட்சியகமான மாளிகை. மிஷிமாவின் 'வசந்த காலப் பனி'யில் வரும் மாளிகைக்கும் மாதிரி இதுவே. அதே ஹாஸேயில்தான் யோஷியா நோபுகோ 1962 முதல் தம் கடைசி வருஷங்களை மொன்மாவோடு வாழ்ந்தார். அந்த வீடு நகராட்சிக்குப் போய் நினைவில்லமாயிற்று. கவாபாட்டாவின் வீடும் அதே ஹாஸேயில். படத்தின் முதல் பகுதிக்குத் தலைப்பு 'ஹனா மொனொகதாரி'. கஸாய்க்கும் ஷிமுராவுக்கும் தாங்கள் எந்த மண்ணில் நிற்கிறோம் என்று நன்றாகவே தெரிந்திருக்கிறது.

பத்து வருஷம் பிரிந்திருந்த ஃபுமியும் அகிராவும் உயர்நிலைப் பள்ளி வயதில் ரயிலில் மறுபடி சந்திக்கிறார்கள். ஆளுக்கொரு பள்ளி, ஒரே ரயில். ஃபுமிக்குத் தன் பள்ளியின் மேல் வகுப்புப் பெண் சுகிமோட்டோவின் மேல் காதல் வருகிறது. சுகிமோட்டோவும் சரி என்கிறாள். அந்தச் சுகிமோட்டோ அகிராவின் பள்ளி நாடகத்தில் 'வுதரிங் ஹைட்ஸ்' ஹீத்க்ளிஃப்பாக நடிக்கிறாள். காதரினாக நடிப்பவள் கியோகோ. மேடையில் ஹீத்க்ளிஃப் காதரினுக்காக ஏங்குகிறான். மேடைக்கு வெளியே காதரின்தான் ஹீத்க்ளிஃப்புக்காக ஏங்கி மறுக்கப்பட்டவள். கியோகோவுக்குக் கல்யாணத்துக்கென்று பேசி வைத்த ஒரு பையனும் இருக்கிறான், லின்டனைப் போல. சுகிமோட்டோவோ தான் முன்பு படித்த அந்தப் பள்ளியின் ஆசிரியர் ஒருவரைக் காதலித்து, ஏற்கப்படாமல் வேறு பள்ளிக்குப் போனவள். பழைய பள்ளிக்கு ஹீத்க்ளிஃப்பாகத் திரும்பி வருகிறாள். ப்ராண்டியின் நாவலில் விரட்டப்பட்டவன் கனவானாகத் திரும்பி வருவதை நினைவில் வைத்துக்கொண்டு பார்த்தால் இந்த வேஷத் தேர்வின் கசப்பு புரியும்.

ராஜபார்ட் பெண்ணைச் சுற்றி ஓலமிடும் சிறுமிகளின் கூட்டத்தைப் படம் பரிவோடும் லேசான நகையோடும் காட்டுகிறது. அது தகராஸுகாவின் கூட்டம். அவர்கள் காதலிப்பது வேஷத்தை. ஃபுமி காதலித்ததும் பாதி வேஷத்தைத்தான். நாடகம் பதினொன்றில் ஐந்தாவது, ஆறாவது பகுதிகளிலேயே முடிந்துவிடுகிறது. இது சாதாரண விஷயமல்ல. இந்த வகைக் கதையில் எப்போதும் உச்சமாக இருந்த மேடை இங்கே நடுவில் வந்து கலைந்துவிடுகிறது. மீதிப் பாதியில் படம் கேட்கும் கேள்வி வேறு: வேஷம் கலைந்த பிறகு எது மிச்சம்? சுகிமோட்டோ மிச்சமில்லை, அந்தக் காதல் முறிகிறது. திரும்பி வர நினைக்கும்போது ஃபுமி ஏற்பதில்லை. மிச்சமிருப்பது, மேடையின் உதவியேயில்லாமல், தான் காதலிப்பது பெண்ணை என்று ஃபுமி அகிராவிடம் சொன்ன அந்தச் சில வார்த்தைகள். கேட்டுக்கொண்ட அகிராவுக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. ஆனால் மறுநாளும் அதே ரயிலில் வருகிறாள். கடைசிப் பகுதியில் தன் முதல் காதல் அகிராதான் என்று ஃபுமி உணர்கிறாள். படம் அங்கே நின்றுவிடுகிறது.

இப்போது நிதானத்துக்கு வரலாம். கமகுரா, ரயில், மகள், கல்யாணம் என்றதும் நமக்கு ஓஸு ஞாபகம் வரும். 'வசந்த கால இறுதி' (1949) இதே கமகுராவில் நடக்கிறது. அங்கே நிதானம் என்பது மகள் கல்யாணத்துக்கு இணங்குவதற்குக் கொடுக்கப்படும் அவகாசம். முடிவு முன்பே தெரியும். அதை நோவில்லாமல் ஏற்பதற்குத்தான் அத்தனை அமைதி. ஓஸுவின் மகத்துவத்தை நான் குறைக்கவில்லை. ஆனால் அந்த அமைதிக்கு ஒரு கெடு உண்டு. 1899இன் ஆணை விதித்த அதே கெடு. 'அவோய் ஹனா'வின் நிதானத்துக்குக் கெடு இல்லை. சாயம் கலைந்ததுபோன்ற நீர்வண்ணத் தெருக்களில் இரண்டு பெண்கள் நடக்கிறார்கள், பேசுகிறார்கள், பேசாமலிருக்கிறார்கள். எந்தத் தேதிக்குள்ளும் அது முடிந்தாக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. கடலுக்கும் கல்யாணத்துக்கும் இடையில் நெருக்கப்பட்ட காலம் இங்கேதான் தன் இயல்பான நீளத்துக்குத் திரும்புகிறது. 'எஸ்' கதைகளில் மெதுவாக நடந்தவர்கள் பிரிவைத் தள்ளிப்போட நடந்தார்கள். இவர்கள் அவசரமில்லாததால் மெதுவாக நடக்கிறார்கள்.

குறை இல்லாமலில்லை. இந்தக் கமகுராவில் பணக் கஷ்டம் தெரிவதில்லை. ஃபுமியின் அழுகை சில இடங்களில் பழைய பூக் கதையின் சர்க்கரைப் பாகிலேயே விழுகிறது. தொடக்கப் பாட்டுக்கான காட்சியை அமைத்த இகுஹாரா குனிஹிகோ, 1997இல் தம் 'உதேனா'வில் ராஜபார்ட் பெண்ணை வைத்து மேடையையே உடைத்துக் காட்டியவர். அந்த ஆவேசத்தின் முன்னால் இந்தப் படம் சாதுவாகத் தெரியலாம்.

7

2018இல் வந்த 'யாகாதே கிமி நி நாரு' என்ற அனிமே, நகாதானி நியோவின் படக்கதையை (2015 - 2019) ஒட்டியது. இதிலும் பள்ளி நாடகம். ஆனால் நாடகத்தை எழுதுகிறவள் ஒரு மாணவியே. பழைய இலக்கியத்தில் கடன் வாங்கவில்லை. தன்னை எப்படி நடிப்பது என்று தெரியாத பெண்ணுக்காக எழுதிய பிரதியின் முடிவையே ஒத்திகையின் நடுவில் மாற்றுகிறார்கள். அனிமே நாடகம் மேடையேறுவதற்கு முன்பே நின்றுவிடுகிறது, 'சகுரா நோ ஸோனோ'வைப் போல. வித்தியாசம் ஒன்று உண்டு. அங்கே பிரதி செகாவுடையது. தோட்டம் விற்றுத்தான் ஆக வேண்டும். இங்கே பிரதியைத் திருத்தலாம்.

2024 மார்ச்சில் சப்போரோ உயர்நீதிமன்றம், ஒரே பாலினத்தவர் திருமணத்துக்குச் சட்டம் இடம் தராதது அரசியல் சட்டத்துக்கு முரண் என்று சொன்னது. மொன்மாவை மகளாக எழுதிக் கொடுத்து அறுபத்தேழு வருஷம் ஆகியிருந்தது. நீதிமன்றத்தின் வார்த்தைக்கும் பள்ளி மேடையின் வார்த்தைக்கும் நேரடிச் சம்பந்தம் இருப்பதாக நான் கற்பிக்கவில்லை. படக்கதைகள் சட்டத்தை மாற்றுவதில்லை. எது ஒத்திகை, எது நாடகம் என்று யார் தீர்மானிப்பது என்பதை மட்டும் அவை தொடர்ந்து கேட்டு வந்திருக்கின்றன. மந்திரி ஒகாடாவுக்கு அந்தக் கேள்வி புரிந்திருக்கும். அதனால்தான் முகப்பூச்சைக் கண்டு பயந்தார்.